கண்ணாடிக் குழாயும் தட்டைத் திரையும்: கணினிக்கு ஏற்ற டிவி எது?

சென்னிமலையில் கணினியை டிவியோடு இணைக்கும் தேவை சினிமா பார்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பெட்ஷீட்டும் துண்டும் விரிப்பும் நெய்து பிழைக்கும் ஊர் இது. சென்டெக்ஸ் போன்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்த ஊர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்த டிசைன்கள் இப்போது கணினியிலும் வரையப்படுகின்றன. 14 அங்குல மடிக்கணினியில் முழு விரிப்பையும் காட்டினால் கரையில் ஓடும் மெல்லிய கோடு தெரியாது. கோட்டைப் பெரிதாக்கினால் விரிப்பின் மொத்த அமைப்பு கண்ணுக்கு அகப்படாது. நாலு பேர் கூடி நின்று ஒரு டிசைனைப் பேசி முடிவு செய்ய வேண்டுமென்றால் பெரிய திரை வேண்டும். பாடக் காணொளி பார்க்கும் மாணவருக்கும் அதே தேவைதான்.

வீட்டில் இருக்கும் டிவி இரண்டில் ஒரு வகையாக இருக்கும். ஒன்று, பரணிலோ பின்கட்டிலோ இன்னும் கிடக்கும் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி, அதாவது சிஆர்டி. மற்றொன்று, சுவரில் மாட்டிய எல்இடி. இந்த இரண்டையும் ஒரே மடிக்கணினியோடு இணைத்து, ஒரே டிசைனையும் ஒரே தமிழ்ப் பக்கத்தையும் காட்டினால் எது எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒப்பிடுவதே இக்கட்டுரை. தெளிவு டிவியின் விலையில் மட்டும் இல்லை. கணினி அனுப்பும் கணக்கும் திரையின் கணக்கும் ஒன்றாக இருப்பதில் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா அமைப்புகளும் தாமாகவே விளங்கிவிடும்.

ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெட்டிகள்

தமிழ்நாட்டில் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2006 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் மு. கருணாநிதி இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 14 அங்குல சிஆர்டி பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று, அன்றைய முதல்வர் ஜெ. ஜெயலலிதா, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு நாளுமே அண்ணா பிறந்தநாள். இரண்டு பொருளையும் கொள்முதல் செய்தது மாநில அரசின் எல்காட் நிறுவனம்தான்.

அம்மா அப்பாவுக்கு டிவியும் பிள்ளைக்கு மடிக்கணினியும் மாநில அரசிடமிருந்து ஒரே வீட்டுக்கு வந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று பேசும்படி செய்யப்பட்டவை அல்ல. சிஆர்டி பெட்டியின் பின்புறம் வழக்கமாக இருப்பது ஆன்டெனா அல்லது கேபிள் துளையும், மஞ்சள், வெள்ளை நிற ஏவி துளைகளும். அந்தக் காலத்து மடிக்கணினியின் பக்கவாட்டில் இருப்பது 15 ஊசி விஜிஏ துளை, சிலவற்றில் எச்டிஎம்ஐ. ஒன்றின் வயர் மற்றொன்றில் நுழையாது. அளவு 14 அங்குலம் என்பதில் மட்டும் ஒற்றுமை. டிவி 4:3 வடிவம், மடிக்கணினி 16:9. அந்த மடிக்கணினித் திரைகளில் வழக்கமான ரெசல்யூஷன் 1366×768. டிவியிலோ எண்ணிக்காட்டும்படி ஒரு ரெசல்யூஷனே கிடையாது.

படம் உருவாகும் விதம்

சிஆர்டி பெட்டி படத்தைக் கோடு கோடாக வரைகிறது. இந்தியா பின்பற்றிய பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு. அவற்றில் படம் தெரிவது 576 கோடுகளில். நொடிக்கு 25 முழுப்படம். அதையும் ஒரே வீச்சில் வரையாமல் ஒற்றைப்படைக் கோடுகளை ஒருமுறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையுமாக நொடிக்கு 50 அரைப்படமாக வரைகிறது. மேலிருந்து கீழாகக் கோடுகளை எண்ணிவிடலாம். ஒரு கோட்டுக்குள் இடமிருந்து வலமாக இத்தனை பிக்சல் என்று அறுதியிட்ட எண்ணிக்கை இல்லை. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியுமோ அவ்வளவுதான் நுணுக்கம். இந்தியாவில் பயன்பட்ட பால் முறையில் ஒளி விவரத்துக்கு ஒதுக்கிய அகலம் 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு கோட்டில் படம் இருக்கும் நேரம் 52 மைக்ரோநொடி. கணக்கிட்டால் ஒரு கோட்டில் ஏறத்தாழ 520 வெளிச்ச, இருட்டு மாற்றங்கள்தான் அடங்கும். மடிக்கணினியின் 1366 பிக்சல் அந்த 520-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டும்.

எல்இடி திரையில் கதை வேறு. தொழிற்சாலையிலேயே பிக்சல்கள் எண்ணிப் பதிக்கப்பட்டவை. கடையில் எச்டி ரெடி என்று விற்கும் 32 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 1366×768. ஃபுல் எச்டி என்றால் 1920×1080, அதாவது 20,73,600 பிக்சல். 4கே என்றால் 3840×2160, அதைப் போல நாலு மடங்கு. இந்த எண்ணிக்கையை எந்த வயராலும் எந்த மென்பொருளாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஜக்கார்டு தறியில் வேலை செய்பவருக்கு இது புதிய செய்தி அல்ல. பெட்டியில் 240 கொக்கி என்றால் டிசைனின் ஒரு அலகு 240 கட்டத்துக்குள் முடிய வேண்டும். 250 கட்டம் வரைந்தால் மிச்சம் 10 கட்டத்துக்குக் கொக்கி இல்லை; தப்பு உடனே தெரிந்துவிடும். டிவி அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. கணினி எத்தனை பிக்சல் அனுப்பினாலும் வாங்கி, நீட்டியோ சுருக்கியோ தன் எண்ணிக்கைக்குள் நிரவிவிடும். படம் வந்துவிட்டது என்று நாமும் திருப்தியடைந்துவிடுகிறோம். எழுத்து மங்கலாக இருப்பதற்குக் கண்ணையோ டிவி கம்பெனியையோ குறை சொல்கிறோம்.

வயரில் உள்ள வேறுபாடு

எச்டிஎம்ஐ முனை ஒரு பக்கமும் மூன்று நிற ஏவி முனைகள் மறுபக்கமும் கொண்ட வெறும் வயர் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிச் சொருகி ஏமாந்தவர்கள் ஏராளம். எச்டிஎம்ஐயில் போவது எண்வழித் தகவல். மஞ்சள் துளை எதிர்பார்ப்பது பழைய அலைவழி மின்னோட்டம். நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி இல்லாமல் ஒன்று மற்றொன்றாகாது. யுஎஸ்பி வழியாக மின்சாரம் எடுக்கும் சிறு பெட்டி அது. அதன் பக்கவாட்டில் பால், என்டிஎஸ்சி என்று ஒரு நகர்த்து விசை இருக்கும். நம் ஊர் பழைய டிவிக்கு அதைப் பால் பக்கம் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிறம் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது படம் உருளலாம். விஜிஏ துளையிலிருந்து ஏவிக்குப் போவதென்றாலும் இதே கதைதான்.

இந்த வழியில் கணினிக்கும் டிவிக்கும் நேரடிப் பேச்சே நடப்பதில்லை. மாற்றிப் பெட்டி தன்னை ஒரு திரை என்று கணினியிடம் அறிவித்துக்கொள்கிறது. வந்த படத்தை டிவி பக்கம் 576 கோட்டுக்குள் திணிக்கிறது. கணினியில் 1920×1080 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, அதுவே டிவியில் தெரிவதாக நம்புவது வீண். 800×600 போன்ற 4:3 அளவை மாற்றிப் பெட்டி ஏற்றுக்கொண்டால் அதை வைப்பதே மேல். எழுத்து பெரிதாகும், வடிவமும் கோணாது. 16:9 படத்தை வடிவம் கெடாமல் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, 576 கோட்டில் 432 மட்டுமே படத்துக்கு மிஞ்சும்.

எல்இடி டிவியோடு எச்டிஎம்ஐ இணைத்தால் முதல் நொடியிலேயே ஒரு விவரத் தாள் கைமாறுகிறது. டிவி தன் நினைவகத்தில் இருக்கும் ஈடிஐடி என்ற சிறு பட்டியலைக் கணினிக்குத் தருகிறது. இன்னின்ன ரெசல்யூஷனை, இன்னின்ன வேகத்தில் ஏற்பேன் என்பதே அதன் சாரம். கணினி அதைப் பார்த்துத்தான் பரிந்துரைக்கப்பட்ட அளவைக் காட்டுகிறது. பழுதான வயரோ நடுவில் தரமற்ற இணைப்பியோ இருந்தால் இந்தப் பட்டியல் வந்து சேராமல், கணினி 1024×768 போன்ற ஓர் அளவை ஊகித்து அனுப்பும். பட்டியலில் சரியான அளவே காணோமென்றால், முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது வயரைத்தான்.

கட்டம் போட்ட பெட்ஷீட் என்ற சோதனை

ரெசல்யூஷன் சரியா என்று பார்க்கச் சென்னிமலைக்காரர்கள் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை. கட்டமும் கோடும் போட்ட பெட்ஷீட் டிசைனே நல்ல சோதனைப் படம். ஒரு பிக்சல் அகலக் கோடு, ஒரு பிக்சல் இடைவெளி என்று பாவுத் திசையிலும் ஊடைத் திசையிலும் வரைந்து, படத்தைப் பெரிதாக்காமல் நூற்றுக்கு நூறு அளவில் திறந்தால் போதும்.

சிஆர்டியில் ஊடைத் திசைக் கோடுகள், அதாவது படுக்கைக் கோடுகள், துடிக்கும். ஒற்றைக் கோடு ஒரே அரைப்படத்தில் மட்டும் விழுவதால் நொடிக்கு 25 முறைதான் ஒளிர்கிறது. கண் அதைத் துடிப்பாக உணர்கிறது. பாவுத் திசைக் கோடுகளில், அதாவது செங்குத்துக் கோடுகளில், நடப்பது இன்னும் விநோதம். பால் முறையில் நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வருகிறது. திரையின் குறுக்கே ஏறத்தாழ 230 ஜோடிக் கோடுகள் இருந்தால் அவற்றின் அலையும் அதே அளவுக்கு வந்துவிடும். அந்த நுணுக்கமான கோடுகளை டிவி நிறம் என்று தவறாகப் படித்து, வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தின்மேல் வானவில் பூசிவிடும். நெசவாளர் போடாத நிறம் துணியில் தெரியும். டிசைன் பார்க்க இது உதவாது.

எல்இடியில் கணக்கு ஒத்துப்போனால் ஒவ்வொரு கோடும் கத்தியால் கீறியதுபோல் நிற்கும். ஒத்துப்போகாவிட்டால்? 1366×768 அனுப்பி 1920×1080 திரையில் பார்த்தால் ஒரு பிக்சல் 1.4 பிக்சலாக நீட்டப்படும். அரை பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும், இடையிடையே சாம்பல் பூத்தும் தெரியும். ஒரே சீராக நெய்ய வேண்டிய கட்டம் அலை அலையாகத் தெரிந்தால் டிசைனில் குறை தேட வேண்டாம், ரெசல்யூஷனைப் பாருங்கள்.

தமிழ் எழுத்தின் புள்ளி

ஆங்கிலப் பக்கத்தைவிடத் தமிழ்ப் பக்கம் திரையிடம் அதிகம் கேட்கிறது. நம் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி; மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி மிகச் சிறியது. கணினியில் வழக்கமான 12 பாயின்ட் எழுத்து சுமார் 16 பிக்சல் உயரம். அதன் புள்ளி ஏறக்குறைய 2 பிக்சல். 1366 பிக்சலை 520-க்குள் அடைக்கும் சிஆர்டியில் அந்த 2 பிக்சல் ஒன்றுக்கும் குறைவாகச் சுருங்கிக் காணாமல் போகிறது. பட்டு என்பது படடு ஆகிறது. அச்சு என்பது அசசு ஆகிறது. ண, ன வேறுபாட்டை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். எழுத்தை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கினால் படிக்கலாம். அப்போது திரையில் சில வரிகள்தான் இருக்கும்.

பிக்சல் கணக்கு பொருந்திய எல்இடியில் புள்ளி தெளிவாக நிற்கிறது. பொருந்தாத எல்இடியில் அது சாம்பல் நிறத்தில் கரைந்து, எழுத்து முழுவதும் மெல்லிய பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தோன்றும். ஒரு மணி நேரம் படித்தால் கண் எரியும். பிள்ளைகள் பாடம் படிக்கும் திரை என்றால் இது சிறு விஷயம் அல்ல.

ஓரம் வெட்டுப்படும் குறை

இரண்டு திரைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: படத்தின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படுவது. சிஆர்டியில் அதற்கு நியாயம் இருந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது படம் சுருங்கி விரியும். ஓரத்தில் கறுப்பு தெரியாமலிருக்கப் படத்தைக் குழாயின் விளிம்புக்கு வெளியேயும் வரைந்தார்கள். எல்இடியில் அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் பழைய வழக்கம் பல டிவிகளின் அமைப்பில் அப்படியே தங்கிவிட்டது. பக்கத்துக்கு நூற்றுக்கு இரண்டரை வெட்டினால்கூட 1920×1080 படத்தில் இடமும் வலமும் 48 பிக்சல், மேலும் கீழும் 27 பிக்சல் போய்விடும். கணினியின் கீழ்ப்பட்டையில் பாதிக்கு மேல் மறைந்துவிடும். விரிப்பு டிசைனைத் திரை முழுக்கக் காட்டினால், “கரையக் காணமுங்களே?” என்று பார்க்கிறவர் கேட்பார்.

கரை மட்டும் போவதில்லை. ஓரத்தை வெட்டிய டிவி மிஞ்சிய படத்தை நீட்டித்தான் திரையை நிரப்புகிறது. அதனால் ரெசல்யூஷன் எண் சரியாக இருந்தும் பிக்சலுக்குப் பிக்சல் பொருத்தம் கெட்டு, எல்லா எழுத்தும் மங்கும். சிஆர்டியில் இதைச் சரிசெய்யப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் அது மெக்கானிக் வேலை. எல்இடியிலோ ரிமோட்டில் படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன், டாட் பை டாட், 1:1 இவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

எல்இடியில் சரியான அளவை அமைக்கும் முறை

விண்டோஸ் கணினியில் முதல் தடுமாற்றம் இரட்டிப்பு முறையால் வருகிறது. மடிக்கணினியிலும் டிவியிலும் ஒரே படம் என்று வைத்தால் இரண்டுக்கும் பொதுவான அளவுக்குக் கணினி இறங்கிவிடும். பெரும்பாலும் அது மடிக்கணினியின் 1366×768 ஆகவே இருக்கும். விண்டோஸ் பொத்தானையும் பி பொத்தானையும் சேர்த்து அழுத்தி, இரண்டாம் திரை மட்டும் என்றோ விரிவாக்கம் என்றோ மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு டிஸ்பிளே அமைப்புகளில் டிவியைத் தேர்ந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் அளவை வைக்க வேண்டும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாது. அதற்கென்று இருக்கும் ஸ்கேல் அளவை 125, 150 என்று கூட்ட வேண்டும். ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். ஸ்கேலைக் கூட்டினால் பெரிதாகும், தெளிவும் கெடாது.

எச்டி ரெடி டிவியில் ஒரு சிக்கல் உண்டு. திரை 1366×768 ஆக இருந்தும், எச்டிஎம்ஐ வழியாக 1280×720, 1920×1080 ஆகிய ஒளிபரப்பு அளவுகளை மட்டுமே சில டிவிகள் ஏற்கும். இரண்டுமே அந்தத் திரைக்குப் பொருந்தாதவை. 720-ஐ அனுப்பினால் 15 பிக்சலை 16 ஆக நீட்டும். 1080-ஐ அனுப்பினால் ஏறத்தாழ 7 பிக்சலை 5 ஆகச் சுருக்கும். பட்டியலில் 1366×768 இருந்தால் அதையே எடுங்கள். 1366 எட்டால் வகுபடாத எண் என்பதால் சில கணினிகளில் 1360×768 என்று இருக்கும், அதுவும் சரியே. இரண்டும் இல்லையென்றால், விஜிஏ துளை உள்ள டிவியாக இருக்கும்பட்சத்தில் அதன் வழியே முயன்று பாருங்கள். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அந்தப் பழைய துளையே சில டிவிகளில் சரியான அளவைத் தருகிறது.

4கே டிவிக்கு வேறு கவனம் வேண்டும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். மவுஸ் நகர்த்தினால் அம்பு இழுத்து இழுத்து வரும். 2013இல் வந்த 2.0 தான் 60 முறை அனுப்பும். மடிக்கணினி பழையது என்றால் 1920×1080, 60 என்று வைப்பதே நல்லது. 4கே திரையில் அகலத்திலும் உயரத்திலும் அது சரிபாதி. ஒரு பிக்சல் நாலு பிக்சலாகக் கச்சிதமாக அமரும்.

கடைசியாக டிவியில் இரண்டு மாற்றம். அந்த எச்டிஎம்ஐ துளைக்குப் பிசி என்று பெயர் வைக்க வசதி இருந்தால் வையுங்கள். பல டிவிகள் உடனே ஓரம் வெட்டுவதையும் நிற நுணுக்கத்தைக் குறைப்பதையும் நிறுத்திவிடும். ஷார்ப்னஸ் அளவை அடியோடு குறையுங்கள். எழுத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு போய்விடும். கறுப்பு சாம்பலாக வெளுத்தோ, இருண்ட நிறங்களெல்லாம் ஒன்றாகிக் கறுத்தோ தெரிந்தால், கணினியிலும் டிவியிலும் நிற வரம்பு வேறு வேறாக இருக்கிறது என்று பொருள். டிவி உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி உலகில் 0, 255. இரண்டு பக்கமும் ஒரே வரம்பை வைத்தால் சரியாகும். அப்படியும் நூல் சாயத்தின் நிறத்தை டிவி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அமைப்பைத் திரையில் பாருங்கள். நிறத்தைச் சாயமிட்ட நூல் கொண்டே பாருங்கள்.

தீர்ப்பு

சிஆர்டிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். நிலையான பிக்சல் எண்ணிக்கை இல்லாததால் பழைய டிவிடியையும் பழைய ஒளிபரப்பையும் அது நீட்டிச் சிதைக்காமல் இயல்பாகக் காட்டுகிறது. எல்இடியில் அதே படம் மங்கித் தெரிகிறது. தாமதம் இல்லாமல் படம் காட்டுவதிலும் சிஆர்டி சளைத்ததல்ல. பழைய படம் பார்க்க வைத்திருக்கலாம். எழுத்து படிக்கவும் டிசைன் பார்க்கவும் கணினியோடு இணைக்கும் வேலைக்கு அது ஆகாது. மாற்றிப் பெட்டிக்குச் செலவிடுவது வீண். வீட்டை விட்டு அனுப்புவதென்றால், அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் உடைத்துக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எல்இடி இந்த ஒப்பீட்டில் வெல்கிறது; ஆனால் பிக்சல் கணக்கு பொருந்தினால் மட்டுமே. பொருந்தாத பெரிய 4கே திரையைவிடப் பொருந்திய 32 அங்குல எச்டி ரெடி திரையே தமிழ் எழுத்தைத் தெளிவாகக் காட்டும். ஆகவே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரை வாங்கும்போது எத்தனை அங்குலம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை பிக்சல், எச்டிஎம்ஐ வழியே அதே அளவை ஏற்குமா என்று கேளுங்கள். மாட்டி முடித்த அன்றே ஒரு பிக்சல் கோட்டுப் படத்தைத் திறந்து சோதியுங்கள். ஏற்கெனவே திரை இருக்கிறதென்றால், புதிது வாங்க யோசிக்கும் முன் ரிமோட்டையும் டிஸ்பிளே அமைப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். பல இடங்களில் செலவே இல்லாமல் தெளிவு கிடைத்துவிடும்.